வால் முளைத்த ரு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையைப் பழைய சுவரொட்டி மாதிரி செய்திருந்தான். மஞ்சள் தாள், கறுப்பு மை, நாலாக மடித்த தடம், ஓரத்தில் பசை காய்ந்த கறை. நடுவில் தடித்தடியான எழுத்தில் 'வருக! வருக! வருக!' கூடவே குரலையும் பதிந்து அனுப்பியிருந்தான்: "மாமா, நம்ம அச்சாபீஸ் எழுத்து மாதிரியே வந்திருக்கா? பாத்துச் சொல்லுங்க."

நன்றாகத்தான் வந்திருந்தது. மை அதிகமாகி விளிம்பில் நசுங்குமே, அந்தப் பிசிறைக்கூட விடவில்லை. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ரு-வின் தோளில் ஒரு சின்ன உடைசல். இரண்டாவது ரு-விலும் அதே இடத்தில் அதே உடைசல். மூன்றாவதிலும் அப்படியே. மூன்று பிள்ளைகள் ஒரே கல்லில் தடுக்கி, ஒரே முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரிசையாக வந்து நின்ற மாதிரி இருந்தது.

எங்கள் அச்சாபீஸில் மூன்றாவது ரு அப்படி இருக்காது. அதற்கு வால் உண்டு.

அச்சாபீஸ் என்றால் மேலூரில் என் தாய்மாமன் வைத்திருந்தது. ஓடு வேய்ந்த நீளக் கட்டிடம். வாசல் பக்கம் ஒரு டிரெடில் மிஷின், உள்ளே பழைய சிலிண்டர் மிஷின். முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் அம்மா என்னை பஸ் ஏற்றிவிடுவாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை எனக்கு அங்கேதான் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம். சம்பளம் கிடையாது, சாயங்காலம் ஒரு பன்னும் டீயும். பங்குனி, சித்திரை என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழா, மஞ்சுவிரட்டு, விடிய விடிய நாடகம் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். எல்லாவற்றுக்கும் போஸ்டர் வேண்டும். மாமாவுக்கு வருஷச் சம்பாத்தியத்தில் பாதி அந்த இரண்டு மாதத்தில்தான்.

சின்ன எழுத்துகள் ஈயம். கேஸில் அறை அறையாகக் கிடக்கும். பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாது, விலையும் தாங்காது. அதனால் அவை மரம். தேக்கு என்று மாமா சொல்வார். சுவரோரம் தட்டுத் தட்டாக அடித்த பலகையில் முகம் வெளியே தெரிய நின்றிருக்கும். எட்டு லைன், பத்து லைன், பன்னிரண்டு லைன் என்று அளவு சொல்வார்கள். ஒரு லைன் என்பது பன்னிரண்டு பாயிண்ட், எழுபத்திரண்டு பாயிண்ட் ஓர் அங்குலம். ஆக, பன்னிரண்டு லைன் எழுத்து இரண்டு அங்குல உயரம். இந்தக் கணக்கெல்லாம் மாமாவுக்கு. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அண்ணனுக்கு அவை குண்டன், நோஞ்சான், பட்டாளத்தான். 'மாபெரும்' என்றால் குண்டன். இடம் போதாத நீளப் பெயர் என்றால் நோஞ்சான். அரசியல் கூட்டத்துக்குப் பட்டாளத்தான், நெஞ்சை நிமிர்த்தியிருக்கும். கல்யாணத்துக்கு மட்டும் எந்த மர எழுத்தையும் அவர் தொட விட்டதில்லை. "பொண்ணு மாப்பிள்ளை பேரை ஏலம் போடுற மாதிரியா போடுவாங்க?" என்பார்.

என் வேலை, அச்சான எழுத்துகளை மண்ணெண்ணெயில் துடைத்து அதனதன் இடத்தில் வைப்பது. அச்செழுத்து கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருக்கும். முதல் வருஷம் ட எது என்று கண்டுபிடிக்கவே திண்டாடினேன். "தலைகீழா வச்சு, இடமிருந்து வலமாப் படிடா" என்றார் கம்பாசிட்டர் அண்ணன். அப்படித்தான் எல்லா அச்சாபீஸிலும் படிப்பார்கள். இரண்டாவது வருஷத்தில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இன்றைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள பேப்பரைத் தலைகீழாகச் சரளமாகப் படித்துவிடுகிறேன். ரயிலில் பலபேர் இதனால் முறைத்திருக்கிறார்கள்.

மர எழுத்தில் எப்போதும் பஞ்சம். தமிழுக்கு மர எழுத்து செட்டு வாங்குவது சின்னக் காரியமில்லை. கொம்பும் காலும் தனிக் கட்டை; அநேகமாக எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, டு, து, கூ, சூ, டூ, தூ என்று உகர ஊகார வரிசையில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உருவம். அந்த வரிசைக்கே முப்பத்தாறு கட்டை வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு, ஐந்து என்று வாங்க மாமாவிடம் பணம் இல்லை. ஒன்று, இரண்டு என்றுதான் வாங்கியிருந்தார். அந்த இரண்டும் ஒருநாள் கீழே விழும், நுனி உடையும், மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு, எழுத்துகளை இறுக்கும் சேஸ் சட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்று நிற்கும்.

கம்பாசிட்டர் அண்ணன் எதையும் எறிய மாட்டார். வலது கை உடைந்த ப அவருக்கு ட. ஒன்பது தீர்ந்துபோனால் ஆறைக் கவிழ்த்துப் போடுவார். இதை ஊரில் எல்லா அச்சாபீஸும் செய்யும். கால் தீர்ந்துவிட்டால் பழைய ர ஒன்றின் அடிக்கோட்டைச் செதுக்கிக் காலாக்குவார். ஓலைச்சுவடிக் காலத்தில் ரகரமும் காலும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருந்தன என்று பிற்பாடு படித்தபோது, அவர் ஒன்றும் பெரிய பாவம் செய்துவிடவில்லை என்று தோன்றியது. தேய்ந்து குள்ளமாகிப்போன கட்டைகளுக்கு அடியில் தீப்பெட்டி அட்டை வெட்டி வைப்பார். மரமோ ஈயமோ, எல்லா அச்செழுத்தும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், 0.918 அங்குலம். மயிரிழை குறைந்தாலும் மை ஒட்டாது. அதை அளக்க அவரிடம் கருவி கிடையாது. உள்ளங்கையை வைத்து, கோத்து இறுக்கிய ஃபாரத்தின் மேல் ஒரு தடவு தடவுவார். "மூணாவது வரியில க உக்காந்திருக்கான், எழுப்பு" என்பார்.

இந்த நிலைமையில்தான் 'வருக! வருக! வருக!' வந்தது. அதுவரை எல்லோரும் ஒரு வருக, மிஞ்சினால் இரண்டு வருகவோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்து விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மூன்று போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். மதுரையில் அப்படித்தான் போடுகிறார்களாம். குண்டனில் வ மூன்று இருந்தது, க மூன்று இருந்தது. ரு இரண்டுதான்.

மாமா யோசித்துவிட்டு, தெருக்கோடியில் கதவு நிலை செதுக்கும் ஆசாரியிடம் என்னை அனுப்பினார். கையில் பழைய போஸ்டரிலிருந்து வெட்டிய ரு, அளவுக்கு ஒரு கட்டை. ஆசாரி கோயில் தேருக்கும் வேலை செய்தவர். மறுநாளே கொடுத்துவிட்டார். இழைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று அப்படியொரு ரு. கம்பாசிட்டர் அண்ணன் கையில் வாங்கிப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லாமல் மை தடவித் தாளில் அமுக்கிக் காட்டினார். ரு திரும்பிக்கொண்டு நின்றது. ஆசாரி தாளில் பார்த்தபடியே நேராகச் செதுக்கிவிட்டார். திருப்பிச் செதுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. திரும்பிய எழுத்தைப் பார்த்துப் பார்த்து அதுதான் எழுத்து என்று ஆகிவிட்டிருந்தது.

ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது கட்டையை அவரே எடுத்துக்கொண்டார். இந்த முறை திருப்பித்தான் செதுக்கினார். ஆனால் அன்னமும் யாளியும் செதுக்கிய கை சும்மா இருக்குமா? ரு-வின் கடைசிச் சுழி முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் மேலே எழும்பி, யாளியின் துதிக்கை மாதிரி வளைந்து, நுனியில் ஒரு சுருள் சுருட்டிக்கொண்டது. இன்னொன்றும் நடந்தது. மர எழுத்தை மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் செதுக்குவார்கள். அப்போதுதான் மை சமமாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயாது. ஆசாரி பலகை வாட்டத்தில் செதுக்கியிருந்தார். அச்சில் ஏற்றினால் கறுப்புக்குள் மர ரேகை நீர் ஓடுகிற மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் போஸ்டர் கொடுத்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் மூன்றாவது வருகவில் அதைப் போட்டு ஓட்டினார்கள். கமிட்டிக்காரர் வந்து ஒரு தாளை விரித்துப் பார்த்தார். நான் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"மூணாவதுக்குக் கொடி பறக்கவிட்டிருக்கீங்களே, அருமை" என்றார்.

பல வருஷம் கழித்து அச்சுக்கலை பற்றி ஒரு புத்தகத்தில் படித்தேன். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827 வாக்கில் மரத்தைக் குடையும் பொறி ஒன்றை வைத்து மர எழுத்துகளை மொத்தமாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறார். 1834-ல் லெவன்வொர்த் என்பவர் அதோடு பாண்டோகிராஃப் கருவியைச் சேர்த்தாராம். மாதிரி எழுத்து ஒன்றை வெட்டிவிட்டால் போதும். அதன் மேல் ஊசி ஓட ஓட, வேண்டிய அளவில் அதே எழுத்து எத்தனை வேண்டுமானாலும் விழும். நூறு ரு, நூறும் அச்சு அசலாக. அதைப் படித்தபோது எனக்கு ஆசாரி ஞாபகம்தான் வந்தது. அவரிடம் நூறு ரு கேட்டிருந்தால் நூறு பறவை வந்திருக்கும்.

வால் ரு-வுக்கு ஊரில் மவுசு ஏறிவிட்டது. நாடகக்காரர்கள் முதலில் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் நடப்பது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி, ஒத்திகை என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்; விடியும்வரை நடிப்பார்கள். அத்தனை பேரும் அதற்கு முன்னால் ஒன்றுசேருகிற ஒரே இடம் போஸ்டர். அவரவர் முகத்துக்குத் துத்தநாக பிளாக் மாமாவின் அலமாரியில் பேர் எழுதி அடுக்கியிருக்கும். அநேகமாக எல்லாம் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். 'வள்ளி திருமணம்' என்பதில் ஒரே ஒரு ரு இருக்கிறதா? அது வால் ரு-வாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். ரு-வின் வால் மேலே போய் முருகன் வேடக்காரரின் காலடியில் மயில் மாதிரி நிற்கும். இதைக் கண்டுபிடித்தது மாமா. மை உருளையின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தடவி ஓட்டுவார். நடுவில் இரண்டும் கலந்து கத்திரிப்பூ நிறத்தில் வரும். சரியாக அந்த இடத்தில் ரு நிற்கும்படி ஃபாரம் கட்டுவார். மயில் நிறம் கிடைத்துவிட்டது என்று அவருக்கு நினைப்பு.

ஆனால் எல்லாவற்றுக்கும் அது ஆகாது என்பதில் கம்பாசிட்டர் அண்ணன் கண்டிப்பாக இருந்தார். ஒரு ராத்திரி கதவு தட்டுகிற சத்தம். கடைவீதியில் பெரிய மனிதர் ஒருவர் இறந்துவிட்டார். காலை எட்டு மணிக்குள் ஊர் முழுக்க ஒட்டியாக வேண்டும். மிஷினில் ஒரு திருவிழா ஃபாரம் இறுக்கி ஏற்றியிருந்தது, விடிந்தால் ஓட்ட வேண்டியது. குண்டனின் நல்ல ரு இரண்டும் அதற்குள் மாட்டியிருந்தன. 'வருந்துகிறோம்' என்று கோக்க வால் ரு ஒன்றுதான் வெளியே இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நான் அதை எடுத்து நீட்டினேன்.

"வை கீழே" என்றார். "சாவு வீட்டுல வாலாட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

மிஷினிலிருந்து ஃபாரத்தை இறக்கி, சாவி போட்டுக் கொயின் ஆப்பைத் தளர்த்தி, திருவிழாவைக் குலைத்து ஒரு நல்ல ரு-வை உருவினார். திரும்ப இறுக்கக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆயிற்று. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்ட் வேறு போய்விட்டது. நானும் மாமாவும் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்ற, அவர் தாள் கொடுக்க, அரிக்கேன் வெளிச்சத்தில் நூற்றைம்பது போஸ்டர் அடித்தோம். விடியக் கறுக்கலில் பசை வாளியோடு ஆள் கிளம்பிப் போனார். மைதா பசையில் துத்தம் கலப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. மாடு எப்படியும் தின்னும்.

நான் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும்போது எழுத்தே மாறியது. பெரியார் 1935-லேயே குடி அரசில் போட ஆரம்பித்துவிட்ட எழுத்துகளை அரசாங்கம் 1978-ல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, லை, ணை வகையறா, மொத்தம் பதின்மூன்று. அதற்கு முன்னால் லை என்பது ல-வின் தலையில் துதிக்கை வைத்த ஒரே எழுத்து. பழக்கமானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதிதில் ஐகாரக் கொம்பு தனி, ல தனி. அச்சாபீஸுக்கு இதில் லாபம்தான்; கேஸில் சில அறை மிச்சம். ஈய எழுத்தில் உடனே மாற்றிவிட்டார்கள். மர எழுத்தில்தான் இடித்தது. ஒரு கட்டை நின்ற இடத்தில் இப்போது இரண்டு கட்டை. 'தலைவர் அவர்கள் தலைமையில்' என்பது அதுவரை அளவாக ஒரே வரியில் உட்கார்ந்திருந்தது. இப்போது ஓரத்தில் பிதுங்கியது. போதாததற்கு, மை போன்ற எழுத்துகளுக்காக வாங்கி வைத்திருந்த ஐகாரக் கொம்பு இரண்டே இரண்டு. ஆகவே சர்க்கார் உத்தரவு மேலூர்ச் சுவர்களுக்கு வந்துசேரப் பல வருஷம் பிடித்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு லை, ஆண்டு விழா போஸ்டரில் துதிக்கை லை. தலைமையாசிரியர் ஒருவர் வந்து சண்டை போட்டார். எனக்கும் கட்டுரை நோட்டில் பழைய லை எழுதி மதிப்பெண் போயிருக்கிறது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவகாசி ஆஃப்செட் பல வண்ணத்தில் வந்தது. கம்ப்யூட்டர் வந்தது. பிறகு ஃப்ளெக்ஸ். காலமான பெரியவர்களும் காதுகுத்துக் குழந்தைகளும் ஒரே சிரிப்போடு, ஒரே எழுத்தில் தெருமுனையில் நிற்கத் தொடங்கினார்கள். மாமா ஒருநாள் எல்லாவற்றையும் விற்றார். ஈயத்தை எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகம். அதற்கு விலை உண்டு. மிஷின் இரும்புக்குப் போனது. மர எழுத்துக்கு விலை சொல்ல ஆள் வரவில்லை. அத்தையின் வெந்நீர் அடுப்பு அந்த மழைக்காலம் முழுக்கக் குண்டனையும் பட்டாளத்தானையும் தின்றது. மையும் எண்ணெயும் ஊறிய மரம், நன்றாக எரியுமாம். வால் ரு அதில் எந்த நாள் போனது என்று அத்தைக்குத் தெரியவில்லை. நான் அப்போது வேலை தேடி வடக்கே போயிருந்தேன்.

தப்பியது ஒன்றே ஒன்று. ஆசாரி முதலில் செதுக்கிக் கொடுத்த தப்பு ரு. அச்சுக்கு உதவாது என்று ஆனபின் மிஷின் ஆடாமலிருக்க அதன் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். மிஷினைத் தூக்கியபோது தரையில் கிடந்திருக்கிறது. மாமா எனக்காக எடுத்து வைத்திருந்தார். இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்து, "ரு" என்று உடனே படித்துவிடுகிறார்கள். அச்செழுத்து அப்படிப் படிக்க வரக்கூடாது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்.

அக்கா மகனுக்கு அன்று சாயங்காலம் போன் செய்தேன். மூன்று உடைசல் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "எல்லாம் ஒரே ரு-தானே மாமா, மூணு தடவை டைப் பண்ணினா மூணு தடவை அதேதான் வரும்" என்றான். இதற்கும் வழி இருக்கிறதாம். ஒரே எழுத்துக்கு நாலைந்து உருவம் வரைந்து எழுத்துருவுக்குள் ஒளித்துவைத்தால், அடுத்தடுத்து வரும்போது தானாக மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுமாம். தமிழில் வேடிக்கையான தலைப்பு எழுத்துகள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன என்று சிலவற்றைக் காட்டினான். மும்பையில் எக் டைப் என்ற குழு செய்த பாலூ என்ற கொழுகொழு எழுத்து எனக்குப் பிடித்துப்போனது. மொழிக்கு மொழி உறவுமுறை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மலையாளத்துக்குப் பாலூ சேட்டன், குஜராத்திக்குப் பாலூ பாய், வங்காளிக்குப் பாலூ தா, தமிழுக்குப் பாலூ தம்பி. பக்கத்து மாநிலத்துக்கு அண்ணன் பட்டத்தைக் கொடுத்துவிட்டு நம்மைத் தம்பியாக்கிவிட்டார்களே என்று ஒரு சின்னக் குறை. மற்றபடி கம்பாசிட்டர் அண்ணன் பார்த்திருந்தால் இவனையும் குண்டன் பக்கத்தில் நிற்க வைத்திருப்பார்.

"அந்த வால் ரு-வை வரைஞ்சு குடுங்க மாமா, மூணாவது வருகவுல போட்டுருவோம்" என்றான்.

உட்கார்ந்து வரைந்தேன். நாலு தாள் கிழித்தேன். வால் எழும்புகிற இடம் தெரிகிறது. சுருள் உள்பக்கம் சுருண்டதா வெளிப்பக்கமா என்பது பிடிபடவில்லை. ஆயிரம் தடவை துடைத்து வைத்த கட்டை. விரலுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்திரிகை பழையபடி மூன்று உடைசலோடுதான் போயிற்று. காதுகுத்து நல்லபடியாக நடந்தது. குழந்தை அழுது ஊரைக் கூட்டியது. தாய்மாமன் மடியில்தான் உட்கார்ந்திருந்தது.

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். துணி கறைபடாமலிருக்க அடியில் நாடக போஸ்டரைக் கவிழ்த்து விரிக்கும் வழக்கம் அந்த ஊர்களில் இருந்தது. 'வள்ளி திருமணம்' என்ற தலைப்பில் ரு-வுக்கு மட்டும் வால் முளைத்து, கறுப்புக்குள் மர ரேகை ஓடியிருந்தால் அது எங்கள் மாமா அச்சாபீஸில் அடித்தது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்பினால் எனக்கு வந்துசேரும்.